எட்டில் வைத்த படங்கள்

கஸ்தூரிபா நகர் ஸ்டேஷனுக்குத் தெற்கே
பக்கிங்காம் கால்வாயில் கால் நனைத்து நிற்கும்
பறக்கும் ரயிலின் தூண்கள் பதினேழு.
அவற்றின் விரிசல்களைப் படமெடுப்பது என் வேலை.
மயிரிழை என்றால் விட்டுவிடலாம்.
புள்ளி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால்
எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ் கொடுத்த கேமரா
கைப்பையில் சீப்போடு கிடக்கும்.
சென்சார் என் சுண்டுவிரல் நகத்தளவு.
அதற்குள் ஒன்றரைக் கோடிக் கட்டங்கள் என்று
பெட்டியில் பெருமையாய் அச்சடித்திருந்தது.

துளையைச் சுருக்கினால் கூர்மை கூடும்,
யாரோ எப்போதோ சொன்னது.
கண்ணை இடுக்கினால் பஸ் நம்பர் தெரியுமே,
அதுபோல என்று நம்பி
எஃப் எட்டில் வைத்தேன். அதற்கு மேல் அதில் இல்லை.
டெல்பின் ஸ்கேலைப் பிடித்தாள்,
மூக்கைத் துப்பட்டாவில் பொதிந்துகொண்டு.
நாற்பத்தொரு படம்.

பெரிதாக்கிப் பார்த்தால்
விரிசல் இருக்கிறது, கோடாக இல்லை.
நனைந்த காகிதத்தில் வைத்த மையாய்
இரு பக்கமும் ஊறியிருக்கிறது.
ஸ்கேலின் கோடுகள்கூட
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்குகின்றன.
கை ஆடவில்லை, ஸ்டாண்ட் போட்டிருந்தேன்.
ஃபோகஸ் தப்பவில்லை.
ரிப்போர்ட்டில் எழுதினேன்: அகலம் தெளிவில்லை.
மேசை மேசையாய் ஏறிப் போனதில் அது
விரிசல் இல்லை
என்று ஆகியிருந்தது.
கீழே சம்பந்தமூர்த்தி சார், பச்சை மையில்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் காசிமேடு.
இரண்டு கல் கரைகளுக்கு நடுவே துறைமுக வாய்.
வெளியே நேர்நேராய் வரிசை கட்டி வந்த கடல்
இடுக்கில் நுழைந்ததும் வரிசை குலைந்து
அரைவட்டமாய் விரிந்து,
சுவருக்குப் பின்னால் ஒதுக்கிக் கட்டிய
படகையும் போய் ஆட்டிவிட்டு வந்தது.
பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து
ஐந்து மார்க் வாங்கிய விளிம்பு விளைவு
டீசல் நாற்றத்தோடு என் முன்னால்.

"எடுக்குறியா இல்லியாம்மா? வெயிலேறுது."

ஒளியும் அலைதானே.
நெருக்கினால் விரியும்.
எட்டில் என் துளை அரை மில்லிமீட்டர் சொச்சம்.
அதில் நுழைந்த புள்ளி உள்ளே
புள்ளியாக விழவில்லை.
மங்கலான வளையம் சூழ்ந்த வட்டமாக,
ஏழு கட்டம் அகலத்துக்கு விழுகிறது.
பெரிய கேமராவில் கட்டங்கள் பெரிசு,
அதே வட்டம் ஒன்றிரண்டு அறையில் அடங்கிவிடும்.
என்னுடையது ஒண்டுக்குடித்தனம்.
ஒரு வீட்டு விருந்தாளிக்கு
ஏழு வீட்டிலும் பாய் போட வேண்டியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால்,
இத்தனூண்டு சென்சாருக்குத்
துளையை அகலத் திறந்தாலே
தூணின் வளைவு முன்னும் பின்னும் தெளிவாகத்தான் நிற்கும்.
சுருக்கியிருக்கவே வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஒன்பதாம் தூண்.
எஃப் மூன்று.
மூலைகளில் கொஞ்சம் இளகல் உண்டு, மறைக்கவில்லை.
நடுவில் விரிசல் ஒற்றைக் கோடாக வந்தது.
ஸ்கேலின் கோடுகள் விழித்துக்கொண்டன.
புள்ளி மூன்று எட்டு.
"இதையா மேடம் இல்லன்னாங்க?"

தலைக்கு மேலே வேளச்சேரி வண்டி போனது.
டெல்பின் ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தூணில் உள்ளங்கையை வைத்தாள்.
நானும் வைத்தேன்.
கடைசிப் பெட்டி போன பிறகும்
உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
படிவத்தில் தேடினேன்,
அதை எழுதக் கட்டம் இல்லை.