இறக்கம்

மருந்து கொடுக்கும் யன்னலைத் தாண்டி
சேலைன் பெட்டிகள் அடுக்கிய ஓடையின் கடைசி அறை.
கதவில் பெயர்ப்பலகை இல்லை.
போட்டால் ஒருவரும் வரமாட்டோம் என்று
தர்மினி மிஸ்ஸுக்குத் தெரியும்.
களுவாஞ்சிகுடி ஆசுபத்திரி, வியாழன் பின்னேரம், இரண்டு மணி.
பிளாஸ்டிக் கதிரை ஆறு, பாய் இரண்டு,
களிமண், பேஸ்டல், கழுவிக் காயவைத்த பால்மா ரின்கள்.

நான் பதினாறு வருஷம் கொண்டக்டர்.
கல்முனை – மட்டக்களப்பு.
போன மாசி, ஒந்தாச்சிமடம் பாலத்தில்
மிச்சக்காசு எண்ணிக்கொண்டு நின்றவன்
முப்பதுக்குப் பிறகு என்ன என்பதை மறந்தேன்.
நெஞ்சுக்குள் ஆரோ பெல் கயிற்றை
இழுத்துப் பிடித்தான், விடவேயில்லை.
ஈசீஜீ எடுத்துப் பார்த்து
"ஒண்டுமில்ல" என்றார்கள்.
அந்த ஒண்டுமில்லையோடு நாலு மாதம்
வீட்டுக்குள் கிடந்தேன்.
றோட்டில் ஹோர்ன் அடித்தால்
கக்கூசுக்குள் போய்த் தாழ் போடுவேன்.
மனிசி தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு
கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பாள்.
ஒன்றும் கேட்கமாட்டாள். மறுகா திருவத் தொடங்குவாள்.

முதல் கிழமை
ஓர் ஆளை வரைந்து
பயம் எங்க இரிக்கெண்டு நிறம் போடச் சொன்னா மிஸ்.
ஆளை விட்டுவிட்டு
தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தேன்.
"இது?"
"பாலம்."

மருதமுனை சுல்பிகா
தாள் முழுக்கப் பச்சை அடித்தா,
அதற்கு மேல் பச்சை, அதற்கும் மேல் பச்சை, தாள் கிழியும்வரை.
வெள்ளத்தில் மூன்று போகம் விட்ட திலகரெத்தினம்
மாடு செய்தார். கொம்பு நிற்கவில்லை என்று
ஒரே குத்தாகக் குத்தி உடைத்தார்.
சோதனை மண்டபத்தில் சத்தி எடுத்த கேதுஷன்
எங்கள் எல்லாரையும் மீனாக வரைந்தான்.
மிஸ்ஸை மட்டும் கொக்காக.

புவிராணி கதைப்பதில்லை.
கொடுத்த களிமண் உருண்டையைக்
கைக்குள் வைத்திருந்துவிட்டு
நாலு மணிக்கு அப்படியே திருப்பிக் கொடுப்பா.
ஏழு கிழமையும் உருண்டைதான்.
கொஞ்சம் சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

எட்டாம் கிழமை ரின்கள்.
"தாளம் வேணாம், கையில வாறதத் தட்டுங்க."
கேதுஷன் பெரிய போட்டிக்குப் போவதுபோல் அடித்தான்.
என் கை ஒரு மூலையில்
எனக்குத் தெரியாமல் இரண்டு தட்டியது.
டிங் டிங்.
திலகரெத்தினம் நிமிர்ந்து பார்த்து
ரின் மூடி ஒன்றை இரு கையாலும் பிடித்து
வளைக்கத் தொடங்கினார்.
கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.
யன்னல் சீட்டுக்குச் சண்டைகூட நடந்தது.
நாலு மாதம் அடைத்துக் கிடந்த தொண்டை
தானாகக் கூப்பிட்டது:
களுதாவளை, களுதாவளை,
தேற்றாத்தீவு...

"இறக்கம்."

ஆர் சொன்னது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.
என் கை ஒன்று தட்டியது. டிங்.
திலகரெத்தினம் பிரேக்கை மிதித்தார்.
புவிராணி எழும்பி
சேலைத் தலைப்பைச் சரிசெய்து
என் முன்னால் வந்து நின்றா.
"மிச்சம் தரல்ல."
கையை விரித்தேன். என்னிடம் என்ன இருக்கு?
சுல்பிகா தன் பச்சைத் தாளில்
ஒரு மூலையைக் கிழித்துத் தந்தா.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு
புவிராணி இறங்கினா, பாயில்.
பிறகுதான் சிரித்தோம்.
மிஸ் பேனையை மூடி வைத்துவிட்டு
கண்ணாடியைத் துடைத்தா.

சுகம் என்று சொல்லமாட்டேன்.
இரவில் அந்த அரைக் குளிசை இன்னும் இருக்கு.
சுல்பிகா இரண்டு கிழமையாக வரவில்லை,
மச்சானுக்கு விருப்பமில்லையாம்.
புவிராணி மறுபடி பேசாமல் இருக்கிறா.
உருண்டையில் மட்டும்
இப்போது பெருவிரல் பதிந்த ஒரு பள்ளம்.

நான் பெரியகல்லாற்றிலிருந்து சைக்கிளில் வருகிறேன்.
பாலத்தில் இறங்கி உருட்டுவேன்.
நேற்று நடுப்பாலத்தில்
என் பழைய பஸ்ஸே உரசிக்கொண்டு போனது.
நெஞ்சு கிடந்து அடித்தது.
கைப்பிடிச் சுவரில்
விரல் மொழியால் ஒன்று தட்டினேன்.
ஆறுதலா இறங்குங்க.
பிள்ளைக்காரி இருந்தால் கையைக் குடுங்க.
அவசரமில்லை,
ரெண்டு தட்ட நேரமிருக்கு.