இரண்டு சுழி

வெள்ளைக்காரி வருகிறாள் என்றுதான்
ரொட்டியும் ஜாமும் வாங்கி வைத்திருந்தோம்.
ஆய்வகத்துக்குப் பின்னால்
உட்காரும் கக்கூஸ் ஒன்று, பீங்கானில்,
செயலர் அடைக்கப்பன் சொந்தச் செலவு.
புதுவயல் நிறுத்தத்தில் இறங்கியவள்
என்னைவிட ஒரு பிடி கறுப்பு.
மாலையோடு நின்ற என்.சி.சி. பையன்
அவளைத் தாண்டிப் பேருந்துக்குள் எட்டிப் பார்த்தான்.

நான் பள்ளியின் எழுத்தர்.
பதிவேட்டில் ஏற்றினேன்:
முட்டின்டா முவேம்பா, சாம்பியா,
பாடம் ஆங்கிலம்.
ஊதியக் கட்டத்தில் ஒரு கோடு.
சாதிக் கட்டத்திலும் ஒரு கோடு.
இருபத்திரண்டு வருடத்தில்
அந்தக் கட்டத்தில் நான் இழுத்த முதல் கோடு.

வீடு கேட்டு நாலு தெரு நடந்தோம்.
பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கா பஞ்சம்?
சாவி மலேசியாவில் என்றார்கள், சென்னையில் என்றார்கள்.
ஒரு வீட்டில்
சொல்லும்போதே சாவி ஆணியில் தொங்கியது.
கடைசியில் அரிசி மில்லில்
கணக்கறைக்கு மேலே ஓர் அறை.
நெல் அவிகிற வாடை, தலையணையில் உமி,
விடிகாலை நாலுக்குக் கொதிகலன்.
எங்கள் ஊரில் மக்காச்சோளம் அரைக்கிற சத்தம் இதுதான்
என்றாள்.
தூங்கினாளா என்று நான் கேட்கவில்லை.

சிங்கம் பாத்திருக்கீங்களா மிஸ்?
பிள்ளைகள் கேட்டார்கள்.
பதிவுக்காகச் சிவகங்கை போனபோது
ஏட்டையாவும் கேட்டார்.
அங்கே பெஞ்சில் நாலு மணி நேரம்,
கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.
ஓய்வறையில் டீச்சர்கள்
சிவப்பழகு கிரீம் விலை பேசுவார்கள்,
அவள் வந்ததும் பேச்சு புடவைக்கு மாறும்.
நான் யோக்கியனா?
தங்கைக்கு வரன் தேடிய விளம்பரத்தில்
'நல்ல சிவப்பு' என்று பொய் எழுதியது
இந்தக் கைதான்.

அவள் நாக்குக்கு மூணு சுழி வராது.
தண்ணி, தன்னி. கண்ணு, கன்னு.
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, எண் இருபத்தாறு,
மில்லில் மூட்டை தூக்கும் பழனியின் நாலாவது மகள்:
போதும்பொண்ணு.
குனிந்த தலையோடுதான் 'உள்ளேன்' வரும்.
முட்டின்டா கூப்பிட்டாள்,
போதும்பொன்னு.
எத்தனை பவுன் போதும் மிஸ், என்றது கடைசி பெஞ்சு.

என்னிடம் வந்து அர்த்தம் கேட்டாள்.
தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்:
அது சாமிக்கு ஒரு விண்ணப்பம் மேடம்,
இனிமேல் பெண்ணாக அனுப்பாதே என்று.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவள் பெயரும் அந்தச் சாதிதானாம்.
வரிசையாக நாலு பையன்கள் பிறந்து
அதை மாற்றி வந்தவள் என்று பொருளாம்.
லாட்டரி விழுந்த கதையைப் போலச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து
அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள் என்று எழுத ஆசை.
நிமிரவில்லை.
ஆங்கிலத்தில் ஒன்பது வாங்கியவள்
பதினேழு வாங்கினாள், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் விசா முடிந்தது.
பிரிக்காத ஜாம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.
பிடிக்காதாம், எப்போதுமே.
அந்த வாரம்தான்
அரசுத் தேர்வுப் பெயர்ப்பட்டியலின் கடைசித் திருத்தம்.
இருபத்தாறில் பேனா நின்றது.
மூணு சுழி போக வேண்டிய இடத்தில்
இரண்டோடு எடுத்துவிட்டேன்.
பழனி பார்க்காமல் கைநாட்டு வைத்தான்.
தலைமையாசிரியர் கண்ணாடி போடாமல் கையெழுத்திட்டார்.

மே மாதம் சான்றிதழ் வாங்க வந்தாள்.
ஆங்கிலம் முப்பத்தேழு.
மதிப்பெண்ணை விட்டுவிட்டுப்
பெயர் மேல் விரல் வைத்து எண்ணினாள்.
சார், ஒரு சுழி குறையுது.

திருத்த மனு இருக்கு, என்றேன்
எதையோ புரட்டியபடி.
கட்டணம் எவ்வளவு சார்?
சொன்னேன்.
கூட்டித்தான் சொன்னேன்.

மில் சங்கு ஊதியது.
சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் செருகிக்கொண்டு
கையொப்பக் கட்டத்தில்
மெதுவாக, முழுப்பெயரும் எழுதினாள்.
அவள் போகும்வரை
நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.