விதி இல்லை

மிருணாளனின் மேக்கில் மேக் ஓடியது;
தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
பாயான் லெப்பாஸ் சர்வரில் ஏற்றினோம்.
வால்வ் கோப்பைச் செய்ய விதி இல்லை என்றது.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது.
பெயரில் பெரிய 'வி' வைத்திருக்கிறான்,
மேக்ஃபைலில் சின்ன 'வி'.
அவன் மெஷின் கண்டுகொள்ளாது. லினக்ஸ் விடாது.

எங்கள் மொழியில் பெரிய எழுத்தே கிடையாது,
முதலாளி பெயரும் மூட்டைப்பூச்சியும் ஒரே உயரம்
என்றேன். ஹுய் மின் சிரிக்கவில்லை.
விண்டோஸில் அவள் இன்னும்
டேப்பா ஸ்பேஸா என்று
வெற்றிடத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் பஸ்.
கேட்டில் ஐசியை நீட்டினேன்.
பெயர் முழுக்கப் பெரிய எழுத்து,
நடுவில் ஓர் 'எச்' அதிகம்,
பதிவு அலுவலகத்தில் யாரோ போட்டது.
காவலர் கொட்டாவி விட்டபடி
திறந்துவிட்டார்.