மாற்றுச் சாவி

ருஸ்தாவியில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக்
காசு போட வேண்டும்.
ஜும்பேர் ஏறினால் நாங்கள் இறங்கிவிடுவோம்,
போட்ட காசு போனால் போகட்டும் என்று.
இரண்டாம் மாதத்திலிருந்து அவன் படியேறினான்.
ஒன்பது மாடி.
பதினோரு வருடம் உள்ளே இருந்தவனுக்குப்
படிகள் பிடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டோம்.

வீடு புகுந்து திருடியவன்.
கத்தி எடுத்ததில்லை, கண்ணாடி உடைத்ததில்லை.
பூட்டோடு பேசுவான், அது திறந்துகொள்ளும் என்பார்கள்.
உருக்காலையில் வாயிற்காவல் வேலை கேட்டானாம்.
அதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்தோம்.

பிப்ரவரி. மாக்வலா குப்பை கொட்ட இறங்கிய நேரம்
காற்று கதவை அறைந்து சாத்தியது.
அடுப்பில் பால்.
தொட்டிலில் ஏழு மாதத்து லிலே.
சாவி உள்ளே, ஆணியில்.
ஏழாம் மாடி, இரும்புக் கதவு.
அவன் விடுதலையான வாரம்தான்
அந்தக் கதவைப் போட்டிருந்தார்கள்.

தெமூர் தோளால் மோதினான்.
யாரோ கோடரி கொண்டுவந்தார்கள்.
தீயணைப்பு வண்டி பாலத்தில் சிக்கிக்கொண்டது என்றார்கள்.
கதவின் அடியில் கருகல் வாசம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
எல்லோருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது;
சொல்லத்தான் வாய் வரவில்லை.
அவள்தான் மேலே ஓடினாள்,
ஒரு காலில் செருப்பில்லாமல்.

வந்தான். பனியன், தூக்கம் கலையாத கண்.
முதலில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்,
காவலரிடம் காட்டிப் பழகியவன்.
என் மனைவியிடம் கொண்டையூசி கேட்டான், இரண்டு.
"கொஞ்சம் பேசாமல் இருங்கள்."
எங்களிடம் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.
காய்ச்சல்காரர் நெஞ்சில் வைப்பதுபோல்
கதவில் காதை வைத்தான்.
நாற்பது நொடி இருக்குமா?

திறந்தது. அவன் உள்ளே போகவில்லை.
மிதியடியில்கூடக் கால் படாமல்
சுவரோடு ஒட்டி நின்று
எங்களுக்கு வழிவிட்டான்.

குழந்தைக்கு இருமல்தான். பாத்திரம் போயிற்று.
தெமூர் அழுதான். யார் வீட்டிலிருந்தோ
ஒயின்கூட வந்தது.

மறுநாள் பூட்டுக் கடையில் கூட்டம்.
அந்த நாற்பது நொடியை எல்லோரும் எண்ணியிருந்தோம்.
நானும் நின்றேன் வரிசையில்.
ஜெர்மன் பூட்டு, இரட்டை விலை.
"உங்கள் கட்டடத்தில் திருட்டா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.

எனக்கு முன்னால் மாக்வலா.
அவள் பூட்டு வாங்கவில்லை.
பழைய சாவியை நீட்டி
இன்னொன்று வெட்டித் தரச் சொன்னாள்.
அங்கேயே அதில் சிவப்பு நூல் கோத்தாள்.

அவனுக்கு எதற்குச் சாவி என்று கேட்டேன்.
அவனுக்குத்தான் தேவையே இல்லையே.
"தெரியும்.
ஆனால் இதுவரை யாரும் கொடுத்ததில்லை, பாருங்கள்."

சிவப்பு நூல் இப்போது அவன் கழுத்தில்.
ஆனாலும் அவள் வீட்டு வாசலில்
மணியடித்துவிட்டுத்தான் காத்திருக்கிறான்.

என் ஜெர்மன் பூட்டு பனியில் இறுகிக்கொள்கிறது.
நேற்று ஐந்தாம் மாடியில் கால்மணி நேரம்
என் கதவோடு நானே மல்லுக்கட்டினேன்.
படியேறி வந்தவன் ஒரு படி கீழேயே நின்றான்.
"நல்ல பூட்டு," என்றான், கேலியில்லாமல்.
"எண்ணெய் விடுங்கள்."
கடந்து ஏறினான்.

"ஜும்பேர்," என்று கூப்பிட்டேன்.
என் வாயில் அந்தப் பெயர்
எனக்கே புதிதாகக் கேட்டது.

மேலே காலடி நின்றது.