நாற்பத்திரண்டாவது பெட்டி

ஓசூர், சிப்காட் இரண்டு.
ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாலை ஐந்தேகால்.
பிரேக் டிரம், பெட்டிக்குப் பன்னிரண்டு,
மொத்தம் நாற்பத்திரண்டு பெட்டி.
சேர வேண்டிய ஊர்
ஸ்டிக்கரில் இருக்கிறது: கொண்டாஜெம், பிரேசில்.

"கொண்டான்னா கொண்டாந்துட வேண்டியதுதான்"
என்கிறார் திம்மராயன்.
அவர் ஓட்டுவது சென்னைத் துறைமுகம் வரைக்கும்.
சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி,
பர்கூரில் ஒரு டீ,
வாணியம்பாடி தாண்டினால் சட்டை முதுகில் ஒட்டும்.
அதற்கப்புறம் கப்பலின் பாடு.

ஆறு வருஷமாய் இந்தப் பெயரை ஒட்டுகிறேன்.
ஒரு மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு
செல்போன் வரைபடத்தில் தேடினேன்.
விரலால் விரிக்க விரிக்க
அட, நம்ம ஊர்.
கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய நம் உயரம்.
ஒட்டினாற்போல் ஒரு பெருநகரம்;
அதைச் சொன்னால்தான் இது எங்கே என்று விளங்கும்.
பெங்களூருக்குப் பக்கத்திலே என்று தொடங்காமல்
நான் யாருக்கு வழி சொல்லியிருக்கிறேன்?
நெடுஞ்சாலைகள் வந்து விழும் முடிச்சு.
ஒன்று சாவோ பாலோவுக்கு, ஒன்று ரியோவுக்கு.
சரக்கு ரயிலும் உண்டு.
ராயக்கோட்டை வளைவில் நம் வண்டி முனகுவதுபோல்
அங்கே எதுவும் முனகுமா,
வரைபடம் சொல்லவில்லை.

பெயருக்கு அர்த்தம் எண்ணுதல்.
பொன் வெட்டிய காலத்தில்
வழியை மறித்து
மாட்டை, மூட்டையை, அடிமைகளை
எண்ணி எண்ணி வரி வாங்கிய சாவடியாம்.
பழைய பெயரில் பூசணிக்காயும் இருந்ததாம்.
சிரித்ததில் புரை ஏறியது.
அடிமைகள் என்ற சொல் பிறகுதான் உறைத்தது.

இன்று எண்ணுகிறேன். நாற்பத்தொன்று.
மறுபடி. நாற்பத்தொன்று.
திம்மராயன் இன்ஜினை அணைக்கிறார்.
கேட்டிலிருந்து பிபாஸ் டார்ச்சுடன் வருகிறான்,
ஒடியாவில் எதையோ முணுமுணுத்து.
ரேக்குக்குப் பின்னால் இல்லை. பெயின்ட் கூடத்தில் இல்லை.

லேத் வரிசையின் முன்னால் இருந்தது.
மேலே மஞ்சள் துணி, சாமி படம்,
பொரி, கடலை, சாய்ந்த வாழைக்கன்று.
"ஒயரம் கரெக்டா இருந்துச்சு"
என்றாள் நரசம்மா, துளியும் கூசாமல்.

தீபாராதனை முடியும்வரை
மேனேஜர் கடிகாரத்தையும் கற்பூரத்தையும்
மாறி மாறிப் பார்த்தார்.
ஃபோர்க்லிஃப்ட் தூக்கியபோது
ஸ்டிக்கர் ஓரத்தில் குங்குமம்.
கைக்குட்டையால் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்க பிரேசில் சிவந்தது.
விட்டுவிட்டேன்.

டயருக்கு முன்னால் பூசணி உடைந்தது.
காசு பொறுக்கப் பிள்ளைகள் ஓடின.
கன்டெய்னர் சீல் நம்பரை
பிபாஸ் இரண்டு தடவை படித்தான்.

இரவு பதினொன்றுக்கு திம்மராயன் போன்.
சூளகிரி இறக்கத்தில்
கிரானைட் லாரி ஒன்று குறுக்கே படுத்திருக்கிறது.
"நீங்க தூங்குங்க மேடம்.
எனக்கு முன்னாடி நூத்திப் பன்னெண்டு வண்டி.
பொழுது போகல, நடந்து போயி எண்ணிட்டு வந்தேன்.
பின்னாடி எத்தனைன்னு
இருட்டுல தெரியல."