விசாரணைக் குழுவுக்குக் கொடுக்காத தாள்

படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
'பட்ச் ஒற்றுமை' என்று நாங்கள் சொல்வது
வளாகத்தில் இருக்கலாமா?
ஆம். இல்லை.
கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு.
காரணம் எழுத இடமில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன்,
உப்புவெளிப் போடிங்கில், மின்விசிறி நின்றுபோன அறையில்,
புள்ளிவிபரவியல் கொப்பியின் கடைசித் தாளில்.

முதல் வாரமே பெயரைப் பறித்தார்கள்.
தர்மினி, அம்மா வைத்தது.
"மூதூரோ? அப்ப நீ கணவாய்" என்றார்
மூன்றாம் வருடத்துத் திவாகரண்ணா.
கணவாய்க்கு எலும்பில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள்.
உண்டு.
வெள்ளையாய், சின்னத் தோணிபோல உள்ளே ஒன்று.
மீன்பிடிக்கிறவரின் மகள், எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

றப்பர் செருப்பு, எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல்,
சீனியர் வந்தால் தரைக்குப் போகும் கண்.
நிலாவெளி வீதியின் தார்
எங்கெங்கே வெடித்திருக்கிறது என்று
இன்றைக்கும் இருட்டில் சொல்வேன்.

வெட்கத்தோடு இதையும் எழுத வேண்டும்:
எனக்கு அது பிடிக்கத் தொடங்கியிருந்தது.
ஒரே கொத்துரொட்டிப் பார்சலில் பதினொரு கை.
கிண்ணியாப் பெடியனின் சேர்ட்டை
அன்புவழிபுரத்துப் பெடியன் போட்டுக்கொண்டு திரிந்ததை
வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை.
எத்தனையோ கூட்டம் போட்டும் ஊருக்கு முடியாததைப்
பயம் ஒரு மாதத்தில் செய்து முடித்தது.
பயம்தானா?
கடல்தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு
உப்பு எது தண்ணீர் எது என்று கேட்பதுபோல.

ஹஸ்னா மட்டும் முழந்தாளிடவில்லை.
"எனக்குப் பேர் இருக்கு" என்றாள், அவ்வளவுதான்.
அன்றிலிருந்து அவள் 'அன்ரி'.
கன்ரீனில் அவள் வந்து இருந்தால் மேசை எழும்பிவிடும்.
பழைய வினாத்தாள்கள் அவளுக்குப் போகாது.
குழுப் படத்தின் ஓரத்தில் நின்றவளை
வெட்டியது நான்.
வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன்.
ஒரு தோள் மிஞ்சிவிட்டது.

அடுத்த மார்கழி,
சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஓட்டோ புரண்டது.
ஆசுபத்திரியில் ஓ நெகட்டிவ் இல்லை.
பட்ச் அன்றிரவு படுக்கவில்லை.
திவாகரண்ணா மழைக்குள்
கந்தளாய் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய்
ஒரு சிங்களப் பேக்கரிக்காரரை எழுப்பி
பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தாராம்.
ஊசி ஏற்றும்போதும் அந்த மனிசனின் கையில் கோதுமை மா.
என்னை முழங்காலில் நிறுத்தியவர்
வார்ட் வாசலில் விடியும்வரை நின்றார்.
இதை எப்படி இல்லை என்று புள்ளடி போடுவது?

தையல் பிரித்த பிறகு ஒருநாள்
நூலகப் படியில் ஹஸ்னா.
"தர்மினி, இப்ப நோ இல்லையே?"
இரண்டு வருடத்தில் வளாகத்துக்குள்
அந்தப் பெயரைச் சொன்ன ஒரே ஆள்.
போகும்போது கொப்பிகளை மாற்றிப் பிடித்தபடி சொன்னாள்:
"நானும் ஓ நெகட்டிவ்தான்.
பக்கத்து அறைக்குள்ளதான் கிடந்தன்.
ஒருத்தரும் கதவத் தட்டேல்ல."

கந்தளாய்க்கு நாற்பது கிலோமீற்றர்.
அவள் கதவுக்கு ஏழு அடி.

திங்கட்கிழமை புது பட்ச் வருகிறது.
பட்டப்பெயர் வைக்கும் வேலை இம்முறை எனக்காம்,
எனக்குக் கற்பனை கூடவாம்.
முப்பத்தாறு பெயர்கள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வெற்றுக் கட்டம்.

பின்னேரம் பட்டியலோடு டவுனுக்குப் போனேன்.
பஸ் நிலையத்தில் வழக்கம்போல மான்கள்.
ஒன்று தேர்தல் சுவரொட்டியை உரித்துத் தின்றுவிட்டு
என் கைத்தாளை மோந்தது.
கொடுத்திருக்கலாம், கதை முடிந்திருக்கும்.
கொடுக்கவில்லை.
மூதூர் பஸ் புறப்படுகிற இரைச்சலில்
முதலாவது பெயரை வாய்விட்டு வாசித்தேன்.
குலேந்திரன் அபிசாந்.
அடுத்தது, முகம்மது ரிஸ்மின் பாத்திமா நுஸ்கா.
அதற்கடுத்தது.
மான் காதைத் திருப்பியது.
படிவம் இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது.