நாற்பத்தொன்றாம் கேமரா

படத்துக்கு முப்பது பைசா.
இலை அசைந்தால் ஒரு படம், மழை சாய்ந்தால் ஒரு படம்.
காங்கோ காட்டில் யாரோ மரத்தில் கட்டிவிட்டுப் போன பெட்டி
கண்டதற்கெல்லாம் கண் சிமிட்டியிருக்கிறது.
சிங்கசந்திராவில், மூன்றாவது மாடியில்,
இரவு பத்திலிருந்து அதைத்தான் திறந்து திறந்து பார்க்கிறேன்.
வெற்று. வெற்று. வெற்று.
குரங்கு, ஒன்று.
வெற்று.

முதல் வாரம் எல்லாமே எனக்கு மான்தான்.
மானில்லை என்றார் டீம் லீடர் ஷமந்த்.
மானுக்குக் கொம்பு விழுந்து முளைக்கும்,
இதற்கு விழாது.
இரலை என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு,
அது வெட்டவெளியில் துள்ளுவது.
இவையோ தலையைத் தாழ்த்தி முதுகை வளைத்து
சத்தமில்லாமல் புதருக்குள் இறங்கிவிடுபவை.
டைக்கர். மூழ்குபவன் என்று பொருளாம்.
முக்குளிப்பான் என்று வைத்துக்கொள்ளலாமென்றால்
அந்தப் பெயரோடு பேகூர் ஏரியில்
ஏற்கெனவே ஒரு பறவை நீந்துகிறது.

செம்மேனியில் சுண்ணாம்புக் கோடு இழுத்த போங்கோ
பட்டப்பகல் வெளிச்சத்தில் ஒருமுறை வந்தது.
ஹாலே எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.
ஷரீனா போனில் பிடிக்கப் போய்
எச்சரிக்கை மெயில் வாங்கினாள்.

நாற்பத்தொன்றில் ஒரு மஞ்சள் முதுகு டைக்கர்.
இடது காதில் கிழிசல்,
கண்டக்டர் கிள்ளிய டிக்கெட் மாதிரி.
குரங்குகள் மேலே கடித்துப் போட்டதை
கீழே நின்று தின்னும்.
மிரண்டால் முதுகு மயிர் எழும்,
இரவுப் படத்தில் வெள்ளையாய்,
தீக்குச்சி உரசினாற்போல.

அப்புறம் அந்தப் படம்.
பின்னங்காலில் ஏதோ. பெரிதாக்கினேன்.
கம்பி. சைக்கிள் பிரேக் கம்பி.
நடத்தைக்கு நான்கே கட்டங்கள்:
மேய்தல், நிற்றல், நடத்தல், ஓடுதல்.
எதையும் தொடாமல் குறிப்பில் ‘கம்பி’ என்று எழுதினேன்.
ஒரு படத்தை மூன்று பேர் பார்ப்போம்.
மற்ற இருவரும் நிற்றல் என்றார்கள்.
என் துல்லியத்தில் ஒரு புள்ளி இறங்கியது.
அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை,
நின்றுகொண்டுதான் இருந்தது.

ஷமந்த் மேலே அனுப்பினார்.
படம் எடுத்து ஏழு மாதமாகிறதென்று பதில் வந்தது.
ஏழு மாதம் முன்பு நான்
மாரிக்குப்பம் ரயிலில் நின்றபடி வந்து
மாரத்தஹள்ளியில் சுடிதார் மடித்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றை நேரத்தோடு பார்ப்பதென்றால்
எங்கே இருக்க வேண்டும்?

அடுத்த படம் வெற்று.
அதற்கடுத்ததில் பழங்கள்.
ஒன்பது. பதினான்கு.
யாரும் தின்னாமல் கிடந்து கறுத்து,
பூஞ்சை பூத்து,
அதில் ஒன்று முளைவிட்டு
தாய்மரத்தின் நிழலிலேயே இரண்டு இலை நீட்டியது.
எண்ணிக்கைக் கட்டத்தில் பதினான்கு என்று இட்டேன்.
இனத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்று சிவப்பில் கேட்டது.
அழித்தேன்.
வெற்று.

போன மாதம் ஐந்தாவதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது:
கண்ணி.
என் குறிப்பாலா, வேறு யார் குறிப்பாலா, தெரியாது.
கட்டம் இல்லாதபோது ஒன்றுகூட இல்லை.
வந்த பிறகு இருபத்திரண்டு முறை அழுத்தியிருக்கிறேன்.
அந்த எண்ணை வைத்து
ரோந்துக்கு இன்னும் இரண்டு பேரைப் போட்டார்களாம்.
ஷமந்த் கேக் வாங்கிவந்தார்.
நான் இன்னும் காதைத்தான் பார்க்கிறேன்,
ஒவ்வொரு மஞ்சள் முதுகிலும்
இடது காதை.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து இறங்கினால்
ஓசூர் ரோடு நடைபாதையில்
கம்பத்திலிருந்து அவிழ்ந்த இன்டர்நெட் கேபிள்
வளையம் வளையமாய்க் கிடக்கிறது.
முன்னால் போனவர் போனில் பேசியபடி
மிதித்துத் தாண்டிப் போய்விட்டார்.
நான் நின்றேன்.
முதலில் ஒரு கால்.
அது மறுபக்கம் ஊன்றியதும்,
மற்றது.